பெயர் சொல்லாத மணப்பெண்

தில்லை நகரில் ஒரு காது ஆஸ்பத்திரி. மாடியில் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் எங்கள் வீட்டுக்காரர் தலையில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கை மட்டும் மடியை விட்டு எழும்பவில்லை.

நடுவில் ஒரு தடவை தூக்கினார். எனக்கு மனசு குளிர்ந்தது. வெளியே வந்ததும் கேட்டேன். மூக்கு அரித்ததாம்.

பிறகு வலது காதில் சின்னதாக ஒரு மிஷினை வைத்தார்கள். ஒரு மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும். அவரைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்துவிட்டு, அங்கே வேலை பார்க்கிற பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"பாட்டி, நீங்க தாத்தாவுக்குப் பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பழகின குரல்னா சீக்கிரம் புடிபடும்."

நான் பின்னால் போய் நின்றேன். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். "ஏங்க" என்றேன்.

காது கேட்கவில்லை என்று டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த கிழவர்கள் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டி! ஏங்கன்னா எல்லாரும்தான் திரும்புவாங்க. பேர் சொல்லுங்க."

"பேரா?"

"ஆமா பாட்டி. பேரு. ஆரோக்கியசாமின்னு சத்தமா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளே கூப்பிட்டாள். "ஆரோக்கியசாமி ஐயா!"

அவர் பட்டென்று திரும்பினார். முகமெல்லாம் பல். ஆனால் கூப்பிட்டது நான் இல்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் குறைந்ததை நான் பார்த்தேன்.

ஆட்டோவில் வந்த வழக்கு

இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதில் மிச்சம் இருப்பதும் குறைந்துகொண்டுதான் வரும், மிஷின் இருக்கிற வரைக்கும் கொஞ்சம் தாங்கும் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற ஆட்டோவில் அவர் ஆரம்பித்தார். காது மந்தமானவர்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துவார்கள் அல்லவா, அப்படி.

"இன்னிக்குப் பாத்த பொண்ணு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது. கட்டிக்கிட்டு வந்தவ கூப்பிட மாட்டேங்கிறா."

"மெதுவாப் பேசுங்க. ரோட்டுல போறவங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். காது மொத்தமா சாத்துறதுக்குள்ள உன் வாயால என் பேரை ஒரே ஒரு தடவை கேட்டுடணும் மேரி. வேற ஒரு ஆசையும் எனக்குக் கிடையாது."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சொல்லிடுங்க பாட்டி, பாவம்" என்றார். நான் எங்கள் பாலக்கரை வரும்வரை வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மிஷினைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததைப் பார்த்தபோதுதான் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது.

ஆயுசுக் கணக்கு

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி வளர்த்தார். அம்மா அதில் ரொம்பக் கறார். அப்பா பெயர் சூசை. ஆகையால் அம்மாவுக்கு மாதாவின் கணவரான புனித சூசையப்பர்கூட "அந்தத் தச்சுவேலை செஞ்சவரு"தான்.

எனக்கு வாய்த்த பெயரோ அதைவிடக் கஷ்டம். ஊரில் யாரையும் "ஆரோக்கியமா இருக்கீங்களா" என்று கேட்க முடியாது. "உடம்பு தேவலையா" என்பேன். வேளாங்கண்ணி மாதாவை எல்லாரும் ஆரோக்கிய அன்னை என்பார்கள். எனக்கு அவர் "கடற்கரை மாதா". என் மகன் சின்ன வயசில் பள்ளிக்கூடப் பாடத்தை என்னிடம் ஒப்பிப்பான். அதில் ஆரோக்கியமும் சுகாதாரமும் என்று ஒரு பாடம். "சுகாதாரம்" மட்டும் நான் கேட்பேன். மற்றதை அவனே கேட்டு அவனே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இயல்பிலேயே எனக்குக் குரல் வராது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது நான் "உள்ளேன் அம்மா" சொன்னது டீச்சருக்குக் கேட்காமல், வந்த நாளிலும் வராதவளாகவே இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். நின்றது தெரிய டீச்சருக்குக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும்.

எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தபோது வார்த்தைப்பாடு கொடுக்கிற இடம் வந்தது. இன்னார் ஆகிய உம்மைக் கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று மணப்பெண் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் என் பெயரை வெண்கல மணி மாதிரி சொல்லி முடித்துவிட்டார். என் முறை வந்ததும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் நின்ற பெரியம்மா என் இடுப்பில் கிள்ளினார். அப்போதும் வரவில்லை. வயசான சாமியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "சரி, கடவுள் காதுல விழுந்திருக்கும்" என்று தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவர் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான். "நீ யாரைக் கட்டிக்கிட்டேன்னு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்."

மீசை வைத்த மணப்பெண்கள்

கிறிஸ்மஸ் முடிந்து வருகிற ஞாயிறு திருக்குடும்பத் திருநாள். எங்கள் பங்குக் கோயிலில் அன்றைக்கு வெள்ளிவிழா, பொன்விழா கண்ட ஜோடிகளை எல்லாம் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, வார்த்தைப்பாட்டைத் திரும்பச் சொல்லச் செய்வது வழக்கம். போன வருஷம் எங்களுக்கு ஐம்பது முடிந்தது. பெயர் கொடுத்துவிட்டு வந்தது அவர்தான். என்னிடம் கேட்கவே இல்லை.

அதற்கு முந்தின வாரம் ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்கள் பங்குச்சாமி வயதில் என் மகனைவிடச் சின்னவர். கலகலவென்று பேசுவார். கல்யாணம் என்றால் ஏதோ சாப்பாடும் போட்டோவும் இல்லை, கடவுளுக்கும் நமக்கும் இருக்கிற உறவைக் காட்டுகிற படம் என்றார். கிறிஸ்து நமக்காகக் காத்திருக்கிற மணமகன். திருச்சபை மணமகள். திருச்சபை என்றால் கட்டடமா? இல்லை, நாம்தான்.

எங்கள் வீட்டுக்காரர் மிஷினைத் தட்டிச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அப்ப ஃபாதர், நானும் பொண்ணுதானா?"

"ஆமா தாத்தா. நீங்க, நானு, அந்தா மீசையை முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்காரே ஸ்டீபன் அண்ணன், எல்லாருமே மணப்பொண்ணுதான்."

ஸ்டீபன் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மேரி, எனக்கும் ரெண்டு முழம் மல்லி வாங்கிடு" என்றார் இவர். கூட்டமே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புத்தான்.

அப்புறம் ஃபாதர் கல்யாணப் பூசையில் வாசிக்கிற பகுதியை விளக்கினார். மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்று வரும் அல்லவா, அந்த இடம். இவர் முழங்கையால் என்னை இடித்தார்.

"கேட்டியா?"

எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளிவிழாக்காரி, பெயர் ஜெயசீலி, வாய் துடுக்கு. என் பங்குக்கு அவளே பதில் சொன்னாள். "அதுக்கு அடுத்த வரியைக் கேளுங்க தாத்தா. கிறிஸ்து திருச்சபைக்காக உசிரையே குடுத்த மாதிரி நீங்க குடுக்கணுமாம். நீங்க முதல்ல குடுங்க, பாட்டி அப்புறம் பணிவாங்க."

எல்லாம் நன்றாகத்தான் போனது. முடிக்கும்போது ஃபாதர் சொன்னார், ஒவ்வொருவரும் துணையின் பெயரைச் சொல்லித்தான் வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும், மைக்கில்.

கூட்டம் கலைந்தபின் மெல்லப் போய்க் கேட்டேன். "ஃபாதர், எனக்கு மட்டும் மைக் வேணாமே."

"ஏன் பாட்டி?"

ஆயுசு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. "அப்படியெல்லாம் இல்லை பாட்டி" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் நின்ற இவருக்கு மிஷின் புண்ணியத்தில் எல்லாம் கேட்டுவிட்டது. "அம்பது வருஷமா நீ சொல்லாம சேத்து வச்ச ஆயுசு நெறையக் கெடக்கு மேரி. அதுல கொஞ்சம் செலவு பண்ணிக்கலாம்" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்ட தாயார்

ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. கோமளா மாமி. நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்து பழக்கம். பாலக்கரையிலிருந்து பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, துணிப்பையோடு அவர்கள் வீட்டுக்குப் போவேன். அளவு எடுப்பது கொஞ்ச நேரம்தான். பேச்சுத்தான் நீளும்.

மாமியும் புருஷன் பெயரைச் சொல்லாதவர். "ஏன்னா" என்பார். மாமா பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்பார். அவ்வளவுதான் அவர்கள் சம்சாரம் என்று நான் கேலி செய்வேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம் போயிருந்தபோது தெருவெல்லாம் ஒரே கூட்டம். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"பெருமாள் உறையூருக்குப் போய் அங்க இருக்கற நாச்சியாரோட ஒண்ணா உக்காந்து சேர்த்தி கண்டருளிட்டு வந்தார். இங்க தாயாருக்குத் தெரிஞ்சுடுத்து. கதவைப் படார்னு சாத்திண்டுட்டா."

"சாமி முகத்துலயேவா?"

"சாமி நமக்குன்னா. அவளுக்கு ஆத்துக்காரர்தானே? பூவைத் தூக்கி அவர் மேல வீசறதும், அவர் வாசல்ல நின்னுண்டு சமாதானம் சொல்றதும், உள்ள விடமாட்டேன்னு இவ சொல்றதும், நீ பாக்கணும்டி மேரி! அப்பறம் நடுவுல ஆழ்வார் வந்து பஞ்சாயத்துப் பண்ணி, கதவு திறந்து, ரெண்டு பேரும் சேர்ந்து சேவை சாதிப்பா. வருஷத்துல அன்னிக்குத்தான் அந்தச் சேர்த்தி."

அவர்கள் சாமி வேறு, எங்கள் வேதம் வேறு. இரண்டையும் கலக்க எனக்கு அறிவும் கிடையாது, ஆசையும் கிடையாது. ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் தாழ் போட்ட மாதங்கள்

எங்களுக்கு இரண்டாவதாக ஒரு பெண் பிறந்தாள். ஞானஸ்நானம் கொடுத்து, காது குத்தலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. போய்விட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

அப்புறம் நான் கோயிலுக்குப் போகவில்லை. ஜெபமாலையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் தையல் மிஷினை வேகமாக மிதிப்பேன்.

இவர் பையனைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போவார். திரும்பி வந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஊர்ச்செய்தி மாதிரி சொல்வார். இன்றைக்கு யார் வந்தார்கள், பாடகர் குழுவில் யார் சுருதி விட்டார்கள், பிரசங்கத்தில் எத்தனை பேர் தூங்கினார்கள். நீயும் வா என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

ஒருநாள் நான் குத்தலாகக் கேட்டேன். "உங்க சாமி எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. உன்னைத்தான் கேட்டாரு, மேரி வரலியான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கோவமா இருக்கா, பேச மாட்டாளாம்னேன். சரி, தீர்ற வரைக்கும் வெளியிலயே நிக்கிறேன்னாரு."

அடுத்த ஞாயிறே ஓடிப்போய்விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. மாம்பழக் காலம் வந்து போய், ஆடிப்பெருக்கும் முடிந்த பிறகுதான் போனேன். போய் முழந்தாளிட்டதும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயில் வந்தது "ஏங்க" என்பதுதான். "ஏங்க, வந்துட்டேன்."

அன்றிலிருந்து என் ஜெபமெல்லாம் அப்படித்தான். புத்தகத்தில் இருக்கிற ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொல்வேன். தனியாகச் சொல்வது இதுதான். ஏங்க, பையனுக்கு வேலை. ஏங்க, மழை வர மாதிரி இருக்கு, காயப்போட்ட மிளகாய். இதை எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை. மரியாதைக் குறைவு என்பார்களோ என்று பயம்.

மாமி சொன்ன தாயார் கதையை நினைத்து அன்றைக்குப் பஸ்ஸில் நான் அழுதது இதனால்தான். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவதற்கும் ஒரு உரிமை வேண்டும். வழிப்போக்கர் மேல் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் அத்தனை மாதம் கடவுளோடு பேசாமல் இருந்தபோது, விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். விடவில்லை. தாலியைக் கழற்றாமல் பேசாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். அவர் வெளியில் நின்றிருக்கிறார்.

குக்கரோடு ஒத்திகை

இப்போது பொன்விழா கதைக்கு வருகிறேன். பயிற்சி எடுக்காமல் முடியாது என்று தெரிந்துவிட்டது. குக்கர் விசில் அடிக்கும்போது அந்தச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். "ஆ" வரை வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து அதற்குள் தலையை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "ஆரோ" வரை வந்தது. அந்த நேரம் பார்த்து இவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்.

"ஃபிரிட்ஜுக்குள்ள யாரோட பேசுற?"

"வெண்டைக்காய் இருக்கான்னு பாத்தேன்."

மாமிக்குப் போன் போட்டு என் கஷ்டத்தைச் சொன்னேன். மாமி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"அசடே, ஐம்பது வருஷம் ஆச்சு, என்ன வெக்கம்?"

"நீங்க சொல்லுவீங்களா மாமி?"

மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ மைக்ல சொல்லு. நான் எங்காத்து சமையலுள்ல சொல்றேன். மாமா தூங்கறச்சே" என்றார்.

"அது என்ன நியாயம்?"

"எனக்கு அவ்வளவுதான் தைரியம்டி. ஆனா உன்னைப் பாக்க வரேன். உங்க கோவில்ல என்னை விடுவாளோன்னோ?"

"முன் பெஞ்சுலயே உக்கார வைக்கிறேன் மாமி."

மைக் என் கைக்கு வந்தது

அன்றைக்குக் காலையில் கோயிலில் கிறிஸ்மஸ் குடில் இன்னும் அப்படியே இருந்தது. சாம்பிராணியும் மல்லிகையும் புதுப்புடவையும் கலந்து ஒரு வாசனை. மாமி சொன்னபடி வந்து, மடிசாரோடு முன் பெஞ்சில் உட்கார்ந்து, குடிலில் இருந்த ஆட்டுக்குட்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயசீலி எங்கள் கழுத்தில் மாலை போட்டுவிட்டாள். அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம் நின்றோம். கல்யாணத்திலும் அப்படித்தான் நின்றோம்.

கீபோர்டும் தபேலாவும் ஸ்பீக்கரில் அதிர்ந்தன. வெள்ளிவிழா ஜோடிகள் ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். ஸ்டீபன் "கிளாரா" என்று பெண்டாட்டி பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீசை வைத்த மணப்பெண் அழுகிறது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

கடைசியாக நாங்கள். இவருக்கு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மைக்கே தேவைப்படவில்லை. "லூர்துமேரி ஆகிய உன்னை" என்று அவர் ஆரம்பித்ததும் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

மைக் என் கைக்கு வந்தது. கனமாக இருந்தது. கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. அம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. நான் பீடத்தைப் பார்த்தேன். ஏங்க, ஒரே ஒரு தடவை சொல்லிடுறேன். அவரு ஆயுசுல கை வச்சுடாதீங்க.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆரோக்கியசாமி ஆகிய உம்மை" என்றேன்.

தூணுக்குத் தூண் வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து அந்தப் பெயர் வந்தது. வெளியே ரோட்டைப் பார்த்து ஒன்று கட்டியிருந்தார்கள், பூக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அது என் குரல் என்று எனக்கே நம்ப முடியவில்லை. இன்பத்திலும் துன்பத்திலும் கூட இருப்பேன் என்கிற மிச்சத்தையும் எப்படியோ சொல்லி முடித்தேன். கோயிலில் கைதட்டல். மாமி எழுந்து நின்று தட்டினார்.

ஃபாதர் சிரித்துக்கொண்டே மைக்கை இவரிடம் நீட்டினார். "என்ன தாத்தா, இப்ப சந்தோஷந்தானே?"

இவர் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ரொம்பப் பரிவாக, "அவ கூச்சப்படுவா ஃபாதர். கொஞ்சம் டைம் குடுங்க. நான் நிக்கிறேன், அவ சொல்லிடுவா" என்றார்.

ஒரு விநாடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கோயில் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மாமி முன் பெஞ்சிலிருந்து கத்தினார். "சொல்லிட்டா மாமா! ஸ்பஷ்டமா சொல்லிட்டா!"

நான் எட்டி அவருடைய வலது காதைப் பார்த்தேன். வெறும் காது. என் பக்கம் இருந்தது கேட்காத காது, மிஷின் வைக்கிற காது அந்தப் பக்கம். அதனால் எனக்குத் தெரியவே இல்லை. தபேலா இரைச்சல் தாங்காமல், பூசை தொடங்கினதுமே அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவருக்கு மெல்ல விளங்கியது. கை சட்டைப்பைக்குப் போனது.

"சொல்லிட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"நல்லாச் சொன்னியா?"

மறுபடி ஆட்டினேன். அவரும் சரி என்று தலையை ஆட்டிக்கொண்டார். சிரிக்கத்தான் பார்த்தார்.

ஃபாதர் அடுத்த ஜெபத்துக்குப் புத்தகத்தைப் புரட்டினார். சடங்கு முடிந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை. ஊரே கேட்டுவிட்டது. கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருத்தரைத் தவிர.

மணமகன் காத்திருக்கிறார் என்று ஃபாதர் கூட்டத்தில் சொன்னபோது எனக்கு எந்த முகமும் மனசில் வரவில்லை. இப்போது வந்தது. நான் இன்னும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவ சொல்லிடுவா, நான் நிக்கிறேன் என்று மைக்கில் சொன்னதே, அந்த முகம்.

அவர் கையிலிருந்த மைக்கை வாங்கி ஜெயசீலி கையில் கொடுத்தேன். மாலை இடிக்க, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவரைச் சுற்றி, கொஞ்சமாவது கேட்கிற வலது காதுப் பக்கம் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கோயிலில் சிரிப்பு அடங்கிவிட்டது. குதிகாலைத் தூக்கி, இரண்டு கையையும் அவர் காதைச் சுற்றிக் குவித்துக்கொண்டேன். அவர் போட்டிருந்த விபூதி நிற ஜிப்பாவில் புதுத்துணி மணம் அடித்தது.

"ஆரோக்கியசாமி" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். யார் கூப்பிட்டாலும் திரும்பிக் கேட்பதுபோல, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"என்ன மேரி?"

கூப்பிட்டால் அப்புறம் ஏதாவது சொல்ல வேண்டும் என்பது இத்தனை ஒத்திகையிலும் எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். "சும்மா கூப்பிட்டேன்."